ஆறுச்சாமி ஒட்டினால் ஒட்டியதுதான்

கணபதி ஏரியாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி பொய் சொல்லவே மாட்டார். உண்மை மெலிசாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று ராடு வைத்துத் தடிமனாக்குவார், அவ்வளவுதான்.

அவரிடம்தான் ஜெசிந்தாவின் புருஷன் எட்வின் தன் பழைய காரை ஒப்படைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அதற்காகக் காருக்கு வேகம் கூட்ட டர்போ வைக்கிறான். இஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோக நாலு ஸ்டீல் குழாய். அவை போய்ச் சேரும் தட்டு வார்ப்பிரும்பு. மொத்தத்துக்கும் மேனிபோல்டு என்று பெயர். ஸ்டீலையும் வார்ப்பிரும்பையும் ஒட்டவைப்பது, பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பியை ஒரே வீட்டில் குடிவைப்பது மாதிரி. ஒட்டு விட்டுப்போனால் நெருப்புப் புகை பெட்ரோல் குழாய் மேல் பீய்ச்சும். இதை எட்வினே போன வாரம் சாப்பிடும்போது விளக்கினான், ஏதோ நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவும் எட்வினோடு பட்டறைக்கு வந்து நின்றது அதனால்தான்.

வேலை முடிந்து மேனிபோல்டு சாம்பல் பெட்டிக்குள் புதைந்து கிடந்தது. வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் ஆறவேண்டும்; அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். ‘சாயங்காலம் வரை தொடாதே’ என்று ஆறுச்சாமியே பெட்டிமேல் சாக்பீஸால் எழுதியிருந்தார்.

“ஏனுங்ணா, ஒட்டு நிக்குமுங்களா?” என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. ஆறுச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நிக்குமாவா? அம்மணி, பீளமேட்டுல ஒரு மில்லுல ஆளு ஒசரச் சக்கரம் மூணா ஒடஞ்சு கெடந்துச்சு. ஒட்டிக் குடுத்தேன். ஒட்டு எங்கன்னு மொதலாளி லென்ஸ் வெச்சுத் தேடுனாரு, கெடைக்கல. நானும் மூணு நாள் தேடுனேன், கெடைக்கல. கடைசில அது ஒடையவே இல்லைன்னுட்டாரு.”

“அது ஒடையலதான். நான் பாத்தேன்,” என்றார் பக்கத்து லேத் பட்டறை நஞ்சப்பன், டீ கிளாஸோடு வாசலில் நின்றபடி.

இந்த மாதிரி நேரங்களில் மட்டும் ஆறுச்சாமிக்குக் காது மந்தம்.

“இன்னொருக்கா, ஒரு லாரிக்கு வார்ப்பிரும்புக் கொக்கியை ஸ்டீல் பம்பர்ல ஒட்டுனேன். வாளையாறு ரோட்டுல மோதி லாரி சுக்குநூறு. டிரைவரு தப்பிச்சாரு. நான் வெச்ச ஒட்டு மட்டும் நடுரோட்டுல நின்னு, வர்ற வண்டியெல்லாம் ஓரமாப் போகச் சொல்லிட்டு இருந்துச்சு.”

“விசில் ஊதிச்சுங்களா?” என்றாள் ஜெசிந்தா.

“விசில் எதுக்குங்க, கையைக் காட்டுனா பத்தாதா?”

எட்வின் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரப்போவது இந்தத் தலைதானே என்று ஜெசிந்தா அதையே பார்த்தாள்.

“ஒரு நாள் பாதி வேலைல கரண்டு போச்சு. எனக்குத் தெரியல, நான்பாட்டுக்கு வெல்டு வெச்சுட்டே இருக்கறேன். அப்பறம் ஈபி ஆபீஸ்ல இருந்து ஓடியாந்து, ‘அண்ணா, நிறுத்துங்க, உங்க பொறியில மூணு தெருவுக்கு மிக்ஸி ஓடுது’ன்னு கால்ல விழுகாத கொற.”

“எங்க வீட்டு மிக்ஸி ஓடலியே?” என்றார் நஞ்சப்பன்.

“உங்க வீட்டு மிக்ஸி எப்ப ஓடுச்சு? அப்பறம் பவானி ஆத்துல, தண்ணிக்கடியில, பாலத்துத் தூணு. வெளிச்சம் தாங்காம மீனெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு நின்னு வேடிக்கை பாத்துச்சுங்க. அவ்வளவு எதுக்கு? பாலக்காட்டுக் கணவாய் இருக்குதே, மலை ரெண்டா விட்டுப்போயி? ஒரே ராத்திரில ஒட்டியிருப்பேன். கேரளாவுக்குப் போற பஸ்ஸெல்லாம் பாவம்னு விட்டுட்டேன்.”

“மலையெல்லாம் இருக்கட்டும்,” என்றார் நஞ்சப்பன். “இந்தத் தம்பியோட ஒட்டைக் காட்டு. இருக்குதா, இதையும் தேடணுமா?”

ஆறுச்சாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நாலு மணி நேரம். அவரே எழுதிய சாக்பீஸ் எழுத்தை மூடியோடு அவரே காலால் தள்ளிவிட்டு, இடுக்கியால் மேனிபோல்டைச் சாம்பலிலிருந்து தூக்கி, ஓடிக்கொண்டிருந்த காற்றாடிக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க! எப்படி?”

டிங்.

யாரோ டம்ளரைச் சுண்டியது போல ஒரு சத்தம். நஞ்சப்பன் டீ கிளாஸை வாயிலிருந்து இறக்கினார்.

“கேட்டீங்களா?” ஆறுச்சாமி மட்டும் அசரவில்லை. “ஸ்டீலும் இரும்பும் கை குலுக்கிக்குதுங்க.”

டிங்.

“அது அடுத்த கை.”

தட்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்ததை ஜெசிந்தா பார்த்தாள். கத்தவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ரொம்ப சந்தோசமுங்ணா. அப்ப ஞாயித்துக்கிழமை இவருக்குப் பக்கத்து சீட்டுல நீங்களே உக்காந்துக்கோங்க.”



“ஞாயித்துக்கிழமைங்களா?” ஆறுச்சாமி இடுக்கியைக் கீழே வைத்தார். “மச்சினன் வீட்டுல காதுகுத்துங்க அம்மணி.”

“அப்ப சனிக்கிழமை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருங்க.”

“சனிக்கிழமையும் காதுகுத்துங்க. ரெண்டு காது இருக்குதில்லீங்களா.”

எட்வின் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து ரேஸ்காரர்களைக் கூப்பிட்டான்.

“சார், என் பேரை அடிச்சிருங்க. இல்லீங்க சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல. வெல்டருக்குத்தான் வர நேரமில்லையாம்.”