ஆறு கால் பாடம்

ஒட்டன்குளம் அரசு நடுநிலைப் பள்ளி வாத்தியார்களுக்கு அறிவு கிடையாது என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள். அறிவு நிறையவே இருந்தது. சீர்வரிசையில் வந்த வெள்ளிப் பாத்திரத்தைப் புழங்க மனம் வராமல் பரணில் போட்டு வைப்பார்களே, அப்படிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் தாணுமாலயன், வரலாறு நடத்தும் மீரான் கனி, ஓவிய வாத்தியார் சவரிமுத்து ஆகிய மூன்று பேர்தான் பள்ளிக்கூடமே. அந்த வருஷம் ஏழாம் வகுப்புக்கு இஸ்லாம், கிறிஸ்தவம், இந்து சமயம் மூன்றைப் பற்றியும் புதிதாகப் பாடம் வைத்திருந்தார்கள். நடத்த வேண்டியவர் மீரான் கனி. பாவம், ஆசையாசையாகத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கல்வி அதிகாரி வேதநாயகி அம்மாள் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லா மதத்தையும் சரிசமமா நடத்தணும் சார். ஒரு குந்துமணி கூடக் குறைய இருக்கக் கூடாது. நடத்துறவர் எந்த மதம்னு பிள்ளைங்களுக்குத் தெரியவே கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். சரியில்லைன்னா, நடத்துன ஆளை மலைமேல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவேன்."

மீரான் கனியின் மனைவி செய்யதம்மாளுக்கு நிறைமாசம். எத்தனையோ வருஷம் ஏங்கித் தரித்த பிள்ளை. மலைக்குப் போனால் அது குப்புற விழுவதைக் கூடப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. அதனால் அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவது என்று மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

குந்துமணி என்று அதிகாரியே சொல்லிவிட்டதால், நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். பாடங்களைத் தனித்தனியாகக் கிழித்து எடை போட்டார்கள். இஸ்லாம் பாடத் தட்டு இறங்கியது. பள்ளிவாசல் படத்துக்கு மை கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. சவரிமுத்து உடனே கிறிஸ்தவப் பாடத்தில் ஒரு மணிக்கூண்டு வரைந்து வர்ணம் அடித்தார். இப்போது அது இறங்கியது. இந்து சமயப் பாடத்துக்கு ஒரு ராஜகோபுரம் வரைந்தால், பொம்மைகளின் பாரத்தில் தட்டு தரையையே தொட்டுவிட்டது. பள்ளிவாசலுக்கு மினாரா ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்து வர்ணம் மொத்தமும் தீர்ந்து, மூன்று பாடமும் சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு எழுத்தும் தெரியாமல் போயிற்று. ஆனால் எடை குந்துமணி பிசகாமல் நின்றது.

அடுத்தது மதம் தெரியக் கூடாது என்ற பிரச்சினை. மீரான் கனி வீட்டுப் பெருநாள் பிரியாணியைத் தூக்குவாளியில் வாங்கிப் போகாத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. தலைமையாசிரியர் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. கிறிஸ்மஸ் தாத்தாவாக வந்து மிட்டாய் கொடுக்கிறவர் யார் என்பது ஒன்றாம் வகுப்புக்கே தெரியும். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே.

"முதல்ல சாருக்கே அது மறந்துட்டா நமக்கு லேசு" என்றார் சவரிமுத்து.

நியாயமாகத்தான் பட்டது. மீரான் கனி ஒரு பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மறந்து பார்த்தார். கொஞ்சம் மறந்து வருகிற நேரத்தில் பாங்கு சொல்லிவிட்டார்கள். கால் பாட்டுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தது. காவலுக்கு இருந்த சவரிமுத்து பின்னாலேயே போய் வாசலில் நின்று, தொழுகை முடிந்ததும் கூட்டி வந்து, சாருக்கு மறந்துவிட்டது, காலுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்.

"அப்ப ஆளையே மறைச்சிர வேண்டியதுதான்" என்றார் தாணுமாலயன். "ஆண்டு விழாவுக்குக் கட்டுற செவப்புத் திரை இருக்குல்லா, அதைப் போத்திக்கிட்டு நடத்துங்க."

"பிள்ளைங்க குரல வச்சிக் கண்டுபிடிச்சிருமே சார்?" என்றார் மீரான் கனி.

"மூணு பேரும் உள்ள நிப்போம். ஆளுக்கொரு மதமா, ஒரே நேரத்துல பேசுவோம். எது யாரு குரல்னு எவன் கண்டான்?"

அவரவர் மதத்தை அவரவர் பேசினால் ஒருவேளை வெளியே தெரிந்துவிடும் என்று அதையும் மாற்றிக்கொண்டார்கள். இஸ்லாம் சவரிமுத்துக்குப் போயிற்று. தலைமையாசிரியருக்குக் கிறிஸ்தவம். மீரான் கனிக்கு இந்து சமயத்துத் திருவிழாக்கள் கிடைத்தன. மனசுக்குள் அவருக்கு வருத்தம்தான். ஆனால் பிள்ளை முகத்தை நினைத்துப் பொறுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேதநாயகி அம்மாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, கரும்பலகைக்கு முன்னால் ஒரு சிவப்புத் திரை ஆறு கால்களோடு நின்று இரைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு முன்பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பி, என்னம்மா புரிந்தது என்று கேட்டார்.

"நோன்பு திறந்ததும் நட்சத்திரத்துக்குப் பின்னாலேயே போயி தேர்வடம் பிடிக்கணும் டீச்சர்" என்றாள் அவள். வகுப்பே ஆமாம் என்றது.

அதிகாரியின் முகம் திரையின் நிறத்துக்கு வந்தது. "உள்ளே மீரான் கனி யாரு?"

உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு தாணுமாலயன் குரல் பணிவாக வந்தது. "அதைச் சொன்னா எந்த மதம்னு தெரிஞ்சிரும்மா."

அந்த நேரம் பார்த்து, மீரான் கனியின் பக்கத்து வீட்டு மரியபாக்கியம் ஜன்னலில் வந்து நின்றாள். "மீரான் சாரே, ஆஸ்பத்திரில உங்களுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் சொகம்."

மீரான் கனிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பறந்து போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். தனியாக வெளியே போனாலோ ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும், பிறகு மலைதான் கதி. மற்ற இருவருக்கும் அது புரிந்தது. "வாங்க, சேர்ந்தே போவோம்" என்றார் சவரிமுத்து. திரை வகுப்பை விட்டு இறங்கிக் கடைத்தெரு வழியாக ஓடியது. பேருந்து ஒன்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், தகப்பன் யார் என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்று உள்ளிருந்து மூன்று குரல்களும் சேர்ந்து சொல்லின. திரையின் இடுக்கில் இரண்டு கைகள் மட்டும் நீண்டன. செய்யதம்மாள் அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தாள். மீரான் கனி உள்ளே தேம்பித் தேம்பி அழுதார். அழுகையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று மற்ற இருவரும் அதே சுருதியில் அழுதார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே அதிகாரி அழைத்துவிட்டார். உள்ளே இருந்தது யார் என்பது தனக்கு வேண்டாம், வகுப்பு நடத்திய ஆளை உடனே மலைக்கு அனுப்பினால் போதும் என்றார்.

மூவரும் ஆடிப்போனார்கள். மீரான் கனி, நான் போகிறேன் என்றார். அவசரப்பட வேண்டாம், முறைப்படி விசாரிப்போம் என்ற தாணுமாலயன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வகுப்பில் பாடம் நடத்தியதாகக் கண்ணால் கண்டது யாரை என்று கேட்டார். அத்தனை பேரும் திரையைக் கை காட்டினார்கள்.

திரையைத் துவைத்து, மடித்து, பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து, மலையில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். வழியில் பசிக்கும் என்று மீரான் கனி புளியோதரை கட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, அது தூங்கிய பிறகும் எழுந்திருக்க மனமே வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மலைப் பள்ளித் தலைமையாசிரியர் பேசினார்.

"நீங்க அனுப்புன வாத்தியார் தங்கமான மனுசன் சார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசுறதில்ல. ஊரே சேர்ந்து அவருக்குப் புதுத்துணி எடுத்து வச்சிருக்கோம். எந்தப் பண்டிகைக்குக் குடுக்கிறதுன்னு மட்டும் கொஞ்சம் சொல்லிருங்க."