கயிற்றை விட்ட கைக்கு என்ன தண்டனை?

சங்கு குளித்துப் பிழைக்கும் கடற்கரை ஊர் அது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் கடலுக்கடியில் இறங்குவான். இன்னொருவன் தோணியில் இருந்தபடி கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைச் சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. கூடப்பிறந்தவள் தாலியைக் கையில் வைத்திருப்பவன் அசந்துபோவானா என்ன?

திரேசம்மாளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். அவள் புருஷன் மிக்கேல் தொண்ணூறு எண்ணும்வரை மூச்சடக்குவான். கயிறு பிடிக்கும் தம்பி சந்தியாகுவோ முப்பது எண்ணுவதற்குள் திணறிப்போவான்.

ஒருநாள் மிக்கேல் அனுப்பிய முதல் கூடையில், பாசி அப்பிய சங்கு ஒன்று வலப்பக்கம் சுழித்தது போலச் சந்தியாகுவின் கண்ணுக்குப் பட்டது. லட்சத்தில் ஒன்றாய்க் கிடைக்கும் வலம்புரி! கிடைத்தால் வீடே கட்டலாம். கயிற்றைத் தோணியின் முளையில் மாட்டிவிட்டு, சங்கை மடியில் ஒளித்துக் கட்டப் போனான். அந்த நேரம் பார்த்துக் கயிறு சுண்டியது. திரும்பிப் பார்த்தான். மடி முடிச்சு பாதியில் நின்றது. முடிச்சைப் போட்டு முடித்தான்.

இழுப்பார் இல்லாமல் இருபது எண்ணிக்கை கிடந்த மிக்கேல், கூடையை உதறிவிட்டுக் கயிற்றைப் பற்றித் தானே ஏறி வந்தான். ஒரு காதிலிருந்து ரத்தம் கொட்டியது. மைத்துனனின் மடி அவிழ்ந்து சங்கு உருண்டது. பாசியைச் சுரண்டிப் பார்த்தால் அது வெறும் இடம்புரி.

மறுநாள் காலை ஊர் கூடியது.

“வலம்புரியிலே வீடு கட்டப் போனியே, அதுக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதானே!” என்றான் கூட்டத்தில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

ஊர்த் தலைவரான பட்டங்கட்டி சொன்னார்: “ஏலே, சங்கை மட்டும் திருடியிருந்தா அபராதத்தோட விட்டிருப்பேன். கயித்தை விட்டுட்டியேலே! இன்னிக்கு உன்னை விட்டா, நாளைக்கு எந்த மச்சினனை நம்பி எவன் இறங்குவான்? ஊரை விட்டுப் போ. இனி இந்தக் கரையிலே உன் கால் படக் கூடாது.”

மிக்கேல் கேட்கும் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுந்தான். “ஊரை விட்டு அனுப்ப வேண்டாம். நான் பட்டதை அவனும் படட்டும், அதுக்கு மேலே ஒண்ணும் வேண்டாம். அவன் இறங்கட்டும், கயிறு என் கையிலே. அவன் சுண்டுன பிறகு இருபது எண்ணிட்டு இழுக்கிறேன். சரிக்குச் சரி.”

சந்தியாகு அக்காளின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “அத்தான்கிட்டச் சொல்லுக்கா. எனக்கு அவ்வளவு மூச்சுக் கிடையாதுன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும்லே. என் தாலி எந்தக் கயித்திலே தொங்குச்சுன்னு ஒனக்கும்தான் தெரியும்.”

பட்டங்கட்டி அவளைப் பார்த்தார். “ஊர்க்கட்டே ஒன் தாலியை நம்பித்தான் இருக்கு, திரேசம்மா. நீ என்ன சொல்லுதே?”

அவள் காலடியில் இருந்தவனைக் காட்டினாள். “இவன் சாகுற வரைக்கும் எவன் கயித்தையும் தொடக் கூடாது. வலை வீசிப் பிழைக்கட்டும். அவுக காது ஆறி மறுபடி தொழிலுக்குப் போற வரைக்கும் எங்க வீட்டுச் சோத்துக்கும் இவனே வலை வீசணும். போதும்.”

“தம்பிப் பாசம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

குற்றம் ஒன்றுதான், தண்டனை மூன்று. இவர்களில் குற்றத்தின் அளவறிந்து சொன்னவர் யார்? கீழே படிக்கும் முன் நீங்களே தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள்.

விடை: திரேசம்மாள். மிக்கேல் கேட்டது பார்வைக்குத்தான் சரிக்குச் சரி. அந்த இருபது எண்ணிக்கை அவனுக்கு ஒரு காதோடு போயிற்று; சந்தியாகுவுக்கு உயிரே போயிருக்கும். பட்டங்கட்டியோ நாளைக்கு எவனோ செய்யக்கூடிய குற்றத்தையும் சேர்த்து இவன் தலையில் ஏற்றினார். அவள் மட்டும்தான் அவன் நம்பிக்கை கெடுத்த கயிற்றை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு, கெட்ட காதுக்கு ஈடு கேட்டாள். ஊரும் அதையே ஏற்றது. சந்தியாகு நாள் தவறாமல் மீனோடு வந்தான். அக்காள் வாங்கிக்கொண்டாள். “சாப்பிட்டியாலே?” என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தத் தண்டனையை ஊர் விதிக்கவில்லை. அது எத்தனை வருஷத்துக்கு என்று கேட்கச் சந்தியாகுவுக்கும் வாய் வரவில்லை.