திருட்டு குறைந்த செய்திக்கு ஐந்தாவது தலைப்பு

பத்திரிகை ஆசிரியர் வரதராஜுலுவுக்கு இப்போதைய ஆளுங்கட்சி என்றாலே ஆகாது. அன்றைக்குப் பார்த்து, மாவட்டத்தில் திருட்டு பாதியாகக் குறைந்துவிட்டதென்று போலீஸ் கணக்கு வந்து தொலைத்தது. உதவி ஆசிரியை அற்புதமேரி நாலு தலைப்பு எழுதிக் கொடுத்தாள். நாலையும் அடித்துப் போட்டார்.

"நம்ம ஆளுங்க ஆட்சியில குறைஞ்சப்போ முதல் பக்கத்துல கொண்டாடினோமே சார்?"

"அது வேறம்மா! பொய் எழுதாதே, கணக்கையும் மாத்தாதே. ஆனா அரசுக்கு அடி விழணும்!"

மேரிக்கு மண்டை காய்ந்தது. ஐந்தாவதாக ஒன்றை எழுதி நீட்டினாள். தலைப்பில் அரசு திட்டு வாங்குகிறதா என்று மட்டும் பார்ப்பது அவர் வழக்கம். வாங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் கடைக்குக் கடை போஸ்டர் தொங்கியது: "திருடர்களுக்குப் பிழைப்பு போச்சு! கைகட்டி வேடிக்கை பார்க்கும் அரசு!" பஸ் ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது.

"மானம் போச்சேம்மா!" என்று குதித்தார் ஆசிரியர்.

"பொய்யும் இல்ல, அரசுக்கு அடியும் விழுந்திருக்கு. நீங்க கேட்டது ரெண்டும் இருக்கு சார்," என்றாள் மேரி. "ரெண்டையும் சேர்த்துப் படிச்சா ஜனங்களுக்குச் சிரிப்பு வருதுன்னா, அதுக்கு நான் என்ன பண்றது?"