முடிச்சுத் துண்டு

மடத்துக்குப் பெட்டி வந்த பிறகு குருவைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். குருவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மதியத்தில் நன்றாகத் தூங்கினார்.

பெட்டி முன்மண்டபத்தில் இருந்தது. பக்தர்கள் சேர்ந்து செய்து கொடுத்தது. குரு இத்தனை வருடம் பேசியதை எல்லாம் அதற்குள் ஏற்றியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்து மனக்குறையைச் சொன்னால் குருவின் குரலிலேயே பதில் வரும். அதே இழுப்பு, நடுவில் அதே சின்ன இருமல். ஜனங்கள் அதைப் பெட்டிச் சாமி என்றார்கள். குருவுக்குத் தூங்குற சாமி என்று பெயர் வந்தது.

காலையில் பெட்டிக்கு ஸ்விட்ச் போடுவது வைத்திலிங்கத்தின் வேலை. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று மடத்துக்கு வந்து சேர்ந்த சீடர். குருவை விட வயதில் மூத்தவர். அவர் குருவைச் சாமி என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். கேட்கிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று முதலில் குழப்பமாக இருக்கும்.

மற்ற ஊர்களிலும் பெட்டி வைப்பதா என்று முடிவெடுக்க மடத்தின் குழு மறுநாள் கூடவிருந்தது. பெட்டி எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று விதி எழுதும் பொறுப்பு வைத்திலிங்கத்துடையது. எழுதியதைக் குருவிடம் படித்துக் காட்டினார்.

"மருந்தைப் பத்திக் கேட்டா டாக்டரைப் பாருன்னு சொல்லணும். சொத்துத் தகராறுன்னா வக்கீல். எலெக்‌ஷனைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

"நானும் திறக்கிறதில்லையே."

"அதனாலதான் சேர்த்தேன், சாமி."

குரு தலையாட்டினார். அவர் தோளில் இருந்த துண்டும் ஆடியது. அந்தத் துண்டின் விளிம்பு முழுக்க முடிச்சுகள். குளித்துவிட்டுத் துவட்டினால் முதுகில் உருளும். ஏதோ ஜபக் கணக்கு என்று வைத்திலிங்கம் நினைத்திருந்தார். கேட்டதில்லை.

"குழுவில என்ன பேசிக்கிறாங்க?" என்றார் குரு.

"ஒருத்தர் சொல்றார், மலை மேல இருக்கிறவன் இங்க வரதுக்கு மூணு பஸ் மாறணும், அவன் வாசல்லயே பெட்டி இருந்தா என்ன தப்புங்கிறார். இன்னொருத்தர், இப்படியே போனா மனுசன் மனுசன்கிட்டக் கேக்கிறதே நின்னுபோகும், மூட்டை கட்டுங்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முதல் ஆள் பேசுறப்பத் தலையாட்டினேன். ரெண்டாவது ஆள் பேசுறப்பவும் ஆட்டிட்டேன். ரெண்டு பேருமே என்னை அவங்க பக்கம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

குரு சிரித்துவிட்டுப் பாயை விரித்தார்.

வைத்திலிங்கம் முன்மண்டபத்துக்கு வந்தபோது அங்கே வரிசை நகராமல் நின்றிருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி. பக்கத்து ஊர்க்காரி, முன்பும் வந்திருக்கிறாள்.

"எந்திரிம்மா, பின்னால ஆள் நிக்குது" என்றார் வைத்திலிங்கம்.

"நிக்கட்டும். இது எனக்குப் பதில் சொல்லட்டும்."

"என்ன கேட்டே?"

"என் மூத்தவன் என்னோட மனத்தாங்கல்ல தனியாப் போயிட்டான். சின்னவன் கல்யாணத்துக்கு அவனை நேர்ல போய்க் கூப்பிடட்டுமான்னு இதுகிட்டக் கேட்டேன். வர்றவன் வருவான், நீ காத்திருன்னுச்சு. காத்திருந்தேன். மணவறைகிட்ட உட்கார்ந்துக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"வரலியா?"

"அவன் அங்க எனக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்கான், அண்ணாச்சி. அம்மா ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டு மஸ்கட்டுக்கு பிளேன் ஏறிட்டான்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முத்துப்பேச்சி பெட்டியின் பக்கம் திரும்பினாள். "சொல்லு. நீ சொன்ன மாதிரிதான் காத்திருந்தேன். இப்ப நான் என்ன செய்ய?"

பெட்டி சின்னதாக இருமியது. "காத்திருந்தது எதுவும் வீண் போகாதும்மா" என்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வைத்திலிங்கத்துக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று தோன்றியது.

கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். மருந்து இல்லை. சொத்து இல்லை. எலெக்‌ஷன் இல்லை. பெட்டி எந்த விதியையும் மீறவில்லை. புதிதாக ஒரு விதி எழுதலாம் என்றால் அதை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தாயும் மகனும் என்று வந்தால் பேசக் கூடாது என்று எழுதுவதா? அப்புறம் எதைத்தான் பேசும்?

உள்ளே ஓடினார். குருவை எழுப்பி நடந்ததைச் சொன்னார்.

"அது நீங்க சொன்ன வார்த்தைதானா சாமி? இல்லை, அதுவாச் சேர்த்துக்கிட்டதா?"

குரு எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னதுதான். சொர்ணம்னு ஒருத்தன் வருவான். கோவிச்சுக்கிட்டுப் போன மகன் வேலை பார்க்கிற கடைக்கே போய் நின்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தான். இவன் போகப் போக அவன் இன்னும் தூரமாப் போனான். சொர்ணத்துகிட்டச் சொன்னேன், வர்றவன் வருவான், காத்திருன்னு."

"வந்தானா?"

"வராம இருந்துட்டா என்ன செய்யிறதுன்னு எனக்கே பயமாப் போச்சு. சொர்ணம் வீட்டுக்கு நாலஞ்சு தடவை போய்ப் பார்த்தேன். மாசக்கணக்கில ஒண்ணுமில்லை. ஒருநாள் போனா, மகனே வந்து கதவைத் திறந்தான். அன்னைக்குத்தான் அவுத்தேன்."

"எதை அவுத்தீங்க?"

குரு தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் மடியில் போட்டார்.

வைத்திலிங்கம் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். சில புதியவை. சில எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கல் மாதிரி இறுகியிருந்தன.

"இதெல்லாம்..."

"இவங்களுக்கெல்லாம் ஒண்ணு சொன்னேன். என்ன ஆச்சுன்னு இன்னும் தகவல் வரலை."

"இந்தப் பழசு?"

"அந்த ஆள் ஊரை விட்டே போயிட்டான். எங்கே தேடுறதுன்னு தெரியலை. வாங்க, அந்தம்மாவைப் பார்ப்போம்."

குரு முன்மண்டபத்துக்கு வந்ததும் வரிசை கலைந்து வழிவிட்டது. அவர் முத்துப்பேச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது வேண்டுமென்றேவா, இடம் இல்லாமலா என்று வைத்திலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"மகன் பேர் என்னம்மா?"

"வேலாயுதம்."

"அவனுக்குக் கோவம் எதில?"

இதைப் பெட்டி கேட்டதே இல்லை போலிருக்கிறது. அவள் தடுமாறினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நடுவில் எங்கேயோ அழுகை வந்துவிட்டது. அவள் மூக்கைச் சிந்தி முடித்ததும் குரு கேட்டார்.

"அவன் நம்பர் இருக்கா?"

"இருக்கு. கூப்பிடத்தான் கை வரமாட்டேங்குது. எடுத்தான்னா என்ன பேச?"

"தெரியலையே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாமிக்கே தெரியலையா?"

"எனக்கு அவனைத் தெரியாதேம்மா. உனக்குத்தான் தெரியும். கூப்பிடு, நான் இங்கதான் இருக்கேன்."

அவள் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

"வேலையில இருப்பானோ என்னவோ" என்றாள் அவளே.

"நாளைக்கும் கூப்பிடு. எடுக்கலைன்னாலும், அம்மா கூப்பிட்டாங்கிறதைப் பார்ப்பான்."

"அதுக்கும் மசியலைன்னா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. எடுத்தா வந்து சொல்லு. எடுக்கலைன்னாலும் வந்து சொல்லு."

"வரப்ப நீங்க இருப்பீங்களா?"

"தூங்கிட்டிருந்தா எழுப்பு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். குரு துண்டின் விளிம்பில் காலியாக ஓரிடம் தேடி ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு வைத்திலிங்கத்தின் தோளிலிருந்த துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு.

"எனக்கு எதுக்குச் சாமி?" என்றார் வைத்திலிங்கம். "வார்த்தை உங்களோடது. பெட்டியைச் செஞ்சது வேற ஆளுக. வைக்கச் சொன்னது குழு. நான் காலையில ஸ்விட்சைப் போட்டேன். அவ்வளவுதானே?"

"அவங்க எல்லாரும் துண்டு போட்டிருக்கவங்கதானே? ஆளுக்கொரு முடிச்சு" என்றபடி குரு முடிச்சை இறுக்கினார்.

வைத்திலிங்கம் அதை அவிழ்க்கவில்லை. விரலால் உருட்டிக்கொண்டே நின்றார். மண்டபத்தில் வரிசை மறுபடி சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் பெட்டியிடம் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். குருவின் குரல் குருவுக்குப் பின்னாலிருந்து "சொல்லுங்க, கேக்கிறேன்" என்றது.

"சாமி, விதி எழுதி எழுதிப் பார்த்தாச்சு. ஒரு பக்கம் அந்த மலையூர்க்காரன் நினைப்பு வருது. பாவம், அவன் யார்கிட்டப் போய்க் கேப்பான்? இன்னொரு பக்கம் இந்தம்மா. நாளைக்குக் குழுவில நான் என்ன சொல்ல? பெட்டி வேணும்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

குரு பாய் இருந்த பக்கமாக நடந்தார்.

"தாளை இங்கேயே வச்சிட்டு, அந்தத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போங்க."

"போயி?"

"உட்காருங்க. இது என்ன முடிச்சுன்னு யாராவது கேட்டா, முத்துப்பேச்சி கதையைச் சொல்லுங்க."

"ஒருத்தரும் கேக்கலைன்னா?"

குரு பாயில் படுத்துத் துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டார். முடிச்சுகள் உறுத்தின போலும், ஒரு தடவை புரண்டார்.

"கேக்கலைன்னா, வந்து ஸ்விட்சை அணைச்சிருங்க, அண்ணாச்சி."