நரியின் காலடித் தடம்

என் இரண்டாவது மகளின் பிரசவத்துக்காக நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அன்று, கப்பலில் சமையல் வேலை பார்த்த பிரகாசி அண்ணன்தான் இந்தக் கதையை முதலில் சொன்னார்.

உலகத்தின் வடகோடியில் ஒரு கடற்கரை. அங்கே மணலே கறுப்பு. என்றைக்கோ எரிமலை கக்கிய குழம்பு ஆறிப் பாறையாகிக் கிடக்கிறது. அடியில் மட்டும் இன்னும் சூடு அடங்கவில்லை.

பனி விழ ஆரம்பித்ததும் மலையில் மேய்ந்த ஆடுகள் தொழுவத்துக்கு இறங்க வேண்டும். முன்னால் போகிறவள் கருமூக்கி என்ற தாய் ஆடு. முன்னங்காலால் தரையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடி வைப்பாள். அவள் கால் படாத இடத்தில் வேறு யாரும் கால் வைப்பதில்லை. அது அவர்கள் வழக்கம்.

அந்த வருஷம் அவளுடைய குட்டிக்குப் பாறை கிழித்துக் கால் நொண்டியது. கடலோரமாகப் போனால் வெகு தூரம். அலை ஏறிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். குட்டியால் அதற்குள் நடக்க முடியுமா?

அப்போது வெள்ளை நரி ஒன்று எதிரே வந்தது.

"ஏன் தாயி சுற்றிப் போகிறீர்கள்? இந்தப் பச்சைப் பரப்பைக் கடந்தால் தொழுவம். இப்போதுதான் நான் நடந்து வந்தேன். என் காலடித் தடத்தைப் பாருங்கள்."

தடம் இருந்தது. சுற்றிலும் பனி கிடக்க, அங்கே மட்டும் பாசி பச்சைப்பசேல் என்று இருந்தது.

"போவோம் அக்கா," என்றான் முறுக்கன் என்ற கடா. "நீ தட்டித் தட்டிப் பார்ப்பதற்குள் எனக்குக் கொம்பே நரைத்துவிடும்."

கருமூக்கி ஒரு கணம் குட்டியைப் பார்த்தாள். குறுக்கு வழி ஆசை காட்டியது. ஆனாலும் காலால் தட்டினாள். காலி அண்டாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"நரியாரே, நீர் நடந்தது உண்மை. உம்முடைய எடை என்ன, எங்கள் முறுக்கன் எடை என்ன?"

"எடையில் என்ன இருக்கிறது தாயி?"

"பார்த்துவிடுவோம். தம்பி, உன் அளவுக்கு அதோ ஒரு பாறை. உன் கொம்புக்கு அது அசையுமா?"

"அசையுமாவா!" முறுக்கன் பாய்ந்து முட்டினான். பாறை உருண்டு பாசிமேல் ஏறியது. அடுத்த கணம் தரை உடைந்து பாறை உள்ளே போனது. குபுகுபுவென்று ஆவி எழுந்தது.

முறுக்கன் நாலடி பின்வாங்கினான். நரி பாறைகளுக்குள் நழுவியது.

"கடல் வழியே போவோம்," என்றாள் கருமூக்கி. "குட்டி நடக்கிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பெரியவர்கள் அலைப் பக்கம் வாருங்கள்."

அலை ஏறியது. முறுக்கன் கடல் பக்கம் நின்று, அடித்த தண்ணீரையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொண்டான். வயிறுவரை நனைந்தாலும் ஒன்று குறையாமல் தொழுவம் சேர்ந்தார்கள். குட்டி தாயின் மடியை முட்டிப் பால் குடித்தது.

இன்னொருவர் நடந்து போன வழி என்பதற்காக, அது நம் பாரத்தையும் தாங்கும் என்று நம்பிக் கால் வைக்கக் கூடாது.

இதைக் கேட்டவர்கள், இன்றைக்குப் பிரயாணம் கிளம்பும் பிள்ளைகளுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்கள்.