மூன்று முறை வந்த ஓலை

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது இனிப்பான கதை இல்லை. கணக்கு வருகிற கதை என்று எழுந்து போய்விடவும் வேண்டாம். விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

முன்னொரு காலத்தில், நூற்று நாற்பத்து நான்கு ஏரிகள் உள்ள ஒரு நாட்டை ஓர் அரசன் ஆண்டான். ஏரிக்கு ஓர் ஊர், ஊருக்குப் பன்னிரண்டு மடைக்குடிகள். மழையில் ஏரி நிரம்பியதும் அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டு ஆள் அடிவரை மூழ்கி, மடையை அடைத்திருக்கும் கல்லைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் வயலுக்குத் தண்ணீர் பாயும். பிடுங்கியவன் மேலே வந்தாலும் வருவான், வராமலும் போவான்.

யார் போவது? அதற்கு ஒரு குடம் இருந்தது. குடத்தில் பன்னிரண்டு ஓலை, ஓலைக்கு ஒரு வீட்டின் பெயர். குடம் காப்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை விட்டு ஒன்றை எடுப்பான். எடுத்த ஓலையைத் திரும்பக் குடத்திலேயே போட்டுவிடுவார்கள். எந்த ஆண்டிலும் எல்லா வீட்டுக்கும் பயம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம்.

அரசனிடம் ஆதிநாகன் என்று ஒரு கணக்கன் இருந்தான். தன் கணக்கு தவறியதே இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். பொய் இல்லை, பெருக்கலில் அவன் ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒருநாள் நெடுமடை என்ற ஊரிலிருந்து சாத்தி என்பவள் அரசவைக்கு வந்தாள். நான்கு நாள் நடந்தே வந்திருந்தாள்.

"ஐயா, மூணு வருசமா எங்க வீட்டு ஓலைதான் வருது. மொத வருசம் எம் புருசன் போனாரு, வரலை. அடுத்த வருசம் பெரியவன் போனான். வந்தான், ஆனா காது ரெண்டும் செவிடாப் போச்சு. இந்த வருசம் சின்னவன் போனான். வரலை. பன்னெண்டு வீடு இருக்கே ஐயா, எங்க வீடு மட்டுந்தானா?"

அரசன் ஆதிநாகனைப் பார்த்தான். ஆதிநாகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு எப்படியாவது நியாயம் வாங்கித் தரவேண்டும் என்று அவன் உண்மையாகவே துடித்தான்.

"அரசே, ஓர் ஆண்டு இவள் வீட்டு ஓலை வருவது பன்னிரண்டில் ஒன்று. இரண்டு ஆண்டும் வருவது நூற்று நாற்பத்து நான்கில் ஒன்று. மூன்று ஆண்டும் வருவது ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டில் ஒன்று. ஆகவே ஒரு பங்குதான் இது தற்செயல். மீதி ஆயிரத்து எழுநூற்று இருபத்தேழு பங்கும் சூழ்ச்சி" என்றான்.

அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டதும் அவை தலையாட்டியது. பெரிய எண்ணுக்கு எப்போதும் அந்த மரியாதை உண்டு.

நெடுமடையின் குடம் காப்பவனை இழுத்து வந்தார்கள். அவன் பெயர் உலகன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் எடுத்தேன் சாமி. ஆறு வருசத்துக்கு முந்தி என் கூடப்பொறந்தவன் வீட்டு ஓலையையும் இந்தக் கைதான் எடுத்துச்சு. அவனும் மேல வரலை. மாத்த முடியும்னா அன்னிக்கே மாத்தியிருக்க மாட்டேனா?"

நல்ல கேள்வி. ஆதிநாகன் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. "எண் பொய் சொல்லாது" என்று மட்டும் சொன்னான். ஓலை எடுத்த கையை வெட்டச் சொன்னான் அரசன். வெட்டினார்கள்.

நாடே ஆதிநாகனைப் புகழ்ந்தது. அரசனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இன்னும் எத்தனை குடத்தில் கள்ளம் இருக்கிறதோ, எல்லா ஏரிக்கும் போய்ப் பார்த்து வா" என்று அனுப்பினான்.

போனான். ஊர் ஊராக உட்கார்ந்து, அந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த வீட்டு ஓலை வந்தது என்று எழுதிக்கொண்டான். நூற்று நாற்பத்து நான்கு ஊரும் முடிய ஓர் ஆண்டு ஆயிற்று.

கடைசி ஊரில் ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து கூட்டிப் பார்த்தான். முதல் ஆண்டு வந்த வீடே இரண்டாம் ஆண்டும் வந்த ஊர்கள் பன்னிரண்டு. பன்னிரண்டு கள்ளர்கள் சிக்கினார்கள் என்று மகிழ்ந்தான். பிறகு மூன்றாம் ஆண்டைப் பார்த்தான். அந்தப் பன்னிரண்டில் பதினோரு ஊரில் வேறு வீடு வந்திருந்தது. ஒரே ஓர் ஊரில்தான் மூன்றாம் முறையும் அதே வீடு. அது நெடுமடை.

நூற்று நாற்பத்து நான்கு, பன்னிரண்டு, ஒன்று. மூன்று எண்ணையும் மண்ணில் எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதல் ஆண்டு ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒரு வீடு வந்தே தீரும். அதே வீடு அடுத்த ஆண்டும் வருவது பன்னிரண்டில் ஒன்று, ஆக நாடு முழுக்கப் பன்னிரண்டு ஊர். மறுபடியும் வருவது அந்தப் பன்னிரண்டில் ஒன்று, ஆக ஓர் ஊர். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். கள்ளமே இல்லாத நாட்டில் எது நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது.

சாத்தியின் வீட்டுக்கு இப்படி நேருமா என்று அவன் கேட்டான். நாட்டில் எங்காவது ஒரு வீட்டுக்கு நேருமா என்று கேட்டிருக்க வேண்டும். சாத்தி அழுதுகொண்டு வந்ததால் அவளை மட்டும் பார்த்தான். மற்ற நூற்று நாற்பத்து மூன்று ஊர்க்காரர்கள் அரசவைக்கு வந்து, எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்களா என்ன?

அரசனிடம் ஓடினான். "உலகன்மேல் குற்றம் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை, அரசே. நான் தவறிவிட்டேன்."

"வெட்டிய கையை ஒட்ட வைப்பாயா?"

"முடியாது, அரசே."

"அப்படியானால் பேசாமல் இரு. அரசன் தவறினான் என்று ஊர் பேசக் கூடாது."

ஆதிநாகன் பேசாமல் இருக்கவில்லை, அந்த மட்டுக்கும் அவனைப் பாராட்டலாம். உலகன் காலில் விழுவதென்று நெடுமடைக்குப் போனான். அதற்குள் மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. மடை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் குடம் கவிழ்ந்து கிடந்தது. உலகனுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அதில் கையை விட யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. "குடம் வேண்டாம், இனி ஆளை நானே சொல்கிறேன்" என்று ஊர்த்தலைவன் சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்க நாதியில்லாத வீடு எது என்று சுற்றிலும் பார்த்தான். சாத்தியின் வீடு இருந்தது. செவிட்டு மகனை இறக்கினார்கள். அவன் மேலே வரவில்லை.

சாத்தி கரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, உலகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"உலகா, என் கணக்குத் தப்பு. நீ குற்றவாளி என்று நான் சொன்னது தப்பு" என்றான் ஆதிநாகன்.

"எனக்கு அது அன்னிக்கே தெரியும் சாமி" என்றான் உலகன்.

சாத்தி ஆதிநாகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் குடம் இருந்திருந்தா, பன்னெண்டுல பதினோரு பங்கு எம் மவன் இன்னிக்கு இருந்திருப்பான் ஐயா. இந்தக் கணக்கு சரிதானே?"

சரியாகத்தான் இருந்தது. கணக்கில் தவறாத ஆதிநாகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கதை இவ்வளவுதான், இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுதான்: அரிதாக நடந்தது என்பதற்காகவே ஒன்றைக் குற்றம் என்று தீர்க்காதே, அது நடப்பதற்கு இன்னும் எத்தனை இடம் இருந்தது என்று எண்ணிப் பார்த்த பிறகே ஒருவன்மேல் விரலை நீட்டு.