சாக்கடை அதிகாரியின் மந்தை

முன்னொரு காலத்திலே சந்தனபுரி என்ற நகரத்தைக் கம்பீரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயர்தான் சந்தனபுரி. காற்றடித்தால் குடலைப் புரட்டும். சாக்கடை தூர்ந்து, தண்ணீர் வாசற்படி ஏறி, எலியும் கரப்பானும் வீட்டுக்காரர்களைவிட உரிமையோடு குடியிருந்தன.

பொரி வறுத்து விற்கும் செவத்தாளுக்கு இதனால் பிராணன் போயிற்று. பகலெல்லாம் அடுப்படியில் வெந்து வறுத்த பொரியில் பாதியை எலி தின்றுவிடும். நகரதிகாரி அம்பலவாணரிடம் முறையிட்டு முறையிட்டு அவள் கால்தான் தேய்ந்தது. சரி, நாமே அள்ளிவிடுவோம் என்று தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினாள். அரசாங்கச் சாக்கடையில் கைவைக்க நீங்கள் யார் என்று அதிகாரியின் ஆட்கள் வந்து விரட்டினார்கள். தானும் அள்ளமாட்டார், அள்ளுகிறவனையும் விடமாட்டார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

ஒருநாள் ராஜாவின் பாயசத்தில் கரப்பான் மிதந்தது. ராஜாவுக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கமாட்டார். உடனே அம்பலவாணரைக் கூப்பிட்டு அதட்டினார். அவரோ கொஞ்சமும் அசராமல், குடிகள் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதில்லை, எலியும் பூச்சியும் அவர்கள் வளர்ப்பு என்று சொல்லிவிட்டார். எலி இருக்கிற வீட்டைப் பூட்டி, குடும்பத்தை ஊரைவிட்டே துரத்தும்படி உத்தரவாயிற்று. முதல் பூட்டு செவத்தாள் வீட்டுக்கு என்று அம்பலவாணரே முடிவு செய்தார். சாக்கடையில் இறங்கியவள் அல்லவா?

செவத்தாளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது. மூடிய கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். வீட்டைப் பூட்டுமுன் அதிகாரியிடம் ஒரு சந்தேகம் கேட்க அனுமதி வேண்டும் என்றாள். ராஜா தலையசைத்தார்.

“ஐயா, எங்க தெருச் சாக்கடை யாரு பொறுப்புங்க?”

ராஜாவின் எதிரே அதிகாரத்தை விட்டுக்கொடுக்க அம்பலவாணருக்கு மனம் வருமா? மீசையைத் தடவிக்கொண்டார். “என் பொறுப்பு. அதில் உள்ளதெல்லாம் என் ஆளுகை. என் உத்தரவில்லாமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது.”

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் மாடு இன்னொருவன் பயிரில் மேய்ந்தால், அதைப் பிடித்து அரசாங்கப் பட்டியில் அடைக்கலாம். மாட்டுக்காரன் நஷ்டத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளவேண்டும். ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம் அது. அதில் ராஜாவுக்கு ஏகப் பெருமை.

“மகாராசா, ஐயாவோட சாக்கடையிலேர்ந்து வந்த மந்தை என் பொரியை மேஞ்சிடுச்சு. வழக்கப்படி பிடிச்சுக் கொண்டாந்திருக்கேன். தெருச்சனமும் அவங்கவங்க பிடிச்சதோட வாசல்ல நிக்கிறாங்க” என்று செவத்தாள் கூடையைத் திறந்தாள்.

எலிகள் சபையெங்கும் ஓடின. புலவர் தூணைக் கட்டிக்கொண்டார். ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இவை என் எலிகள் அல்ல” என்று பதறினார் அம்பலவாணர்.

“அப்போ உங்க உத்தரவில்லாம உங்க சாக்கடையில இத்தனை சீவன் அசைஞ்சிருக்கு. அதை மகாராசாகிட்ட ஏன் சொல்லலை?”

அதிகாரி இருபக்கமும் மாட்டிக்கொண்டார். எலி தன்னுடையது என்றால் ஊருக்கே நஷ்டம் கட்டவேண்டும். இல்லையென்றால் அடித்த ஜம்பமெல்லாம் பொய். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், இந்த ஆள் பேச்சைக் கேட்டு உத்தரவு போட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. உத்தரவை அப்போதே ரத்துசெய்து, செவத்தாளுக்குப் பொற்கிழி தரச் சொன்னார். இன்னும் என்ன வேண்டும் என்றும் கேட்டார்.

“ஐயாவை எங்க தெருவுல குடிவைங்க மகாராசா. அது போதும்.”

அப்படியே ஆயிற்று. அதிகாரியின் கட்டில் தெருமுனை திரும்புவதற்குள், மண்வெட்டியும் கூடையுமாக ஒரு பட்டாளமே சாக்கடையில் இறங்கிவிட்டது. செவத்தாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“இத்தனை ஆளும் இத்தனை வருசமா எங்கய்யா இருந்தாங்க?” என்று கேட்டாள்.

அம்பலவாணர் சால்வையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தார்.